நாற்காலிக்குள் போன பாதிப் புத்தகம்

மதிப்பிற்கும் மரியாதைக்கும், கொஞ்சம் என் பயத்திற்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

குஷன் கடைச் சம்பந்தி எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும், உங்கள் மகளும் என் மகனும் சுகமாக இருக்கிறோம். என் கடைவாய்ப் பல் ஒன்று மட்டும் சுகமாக இல்லை. சரியாகச் சொன்னால் அது இப்போது என் வாயிலேயே இல்லை, அந்தக் கதை பின்னால் வருகிறது. அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமென்றும், தங்கள் புத்தக அலமாரிகள் பதினொன்றும் பூச்சி பொட்டு அண்டாமல் இருக்கின்றன என்றும் நம்புகிறேன்.

தங்கள் கடிதம் போன வாரம் வந்தது. அதில், "தற்சமயம் என்ன வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள், அதில் எது பிடித்திருக்கிறது?" என்று கேட்டிருந்தீர்கள். அந்த வரியை மூன்று தடவை படித்தேன். அப்புறம் என் வீட்டுக்காரியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். எனக்கு அறுபத்து நான்கு வயதாகிறது. இதுவரை என்னிடம் வந்த கேள்விகள் எல்லாம் "சோபா என்னைக்கு ரெடியாகும்?", "இந்தக் கலர் சாயம் போகுமா?", "தைச்சு ஒரு மாசம்கூட ஆகல, ஏன் உள்ள வாங்குது?" இந்த மூன்றுதான். என்ன வாசிக்கிறாய் என்று ஒரு ஆள் என்னைக் கேட்டதில்லை. கேட்கும்படி என் முகம் இருந்ததில்லை. அதனால் தங்கள் கடிதத்தை ரெக்சின் சாம்பிள் பலகையில் நட்டநடுவில் ஆணி அடித்து மாட்டிவிட்டேன். வருகிறவர்கள் கலர் பார்க்கிற சாக்கில் அதையும் படித்துவிட்டுத்தான் போகிறார்கள்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். நான் வாசித்தது, பிடித்தது, முடித்தே விட்டது எல்லாம் தாங்கள் கொடுத்த கலங்கரை விளக்கக் காவல்காரர் கதைதான். நானூற்றுப் பதினாறு பக்கம். அச்சடித்த இடத்தின் முகவரியைக்கூட விடவில்லை. மார் தட்டிச் சொல்கிறேன். ஆனால் தட்டி முடித்த கையோடு சில விஷயங்களை ஒப்புக்கொள்ளவும் வேண்டியிருக்கிறது. தாங்கள் அடுத்த மாதம் இங்கே வரும்போது "முடிவைப் பற்றி நாம விரிவா பேசணும்" என்று சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் உண்மை தங்கள் காதுக்கு என் வழியாகவே வருவதுதான் எனக்கு மரியாதை.

கல்யாணம் பேச நாங்கள் தங்கள் வீட்டுக்கு வந்த அன்று, தாங்கள் பதினொரு அலமாரியையும் திறந்து காட்டி, "நீங்க என்ன மாதிரி புத்தகம் வாசிப்பீங்க?" என்று கேட்டீர்கள். அப்போது நான் தங்கள் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். இடதுபக்க ஸ்பிரிங் போயிருந்தது. அதைச் சொல்லலாமா வேண்டாமா என்ற யோசனையில் இருந்தவன், திடுக்கிட்டு, "எல்லாமே வாசிப்பேங்க" என்று சொல்லிவிட்டேன். என் மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். என் வீட்டுக்காரி பார்க்கக்கூட இல்லை, தண்ணீர்தான் குடித்தாள். முப்பது வருடம் கல்லூரி நூலகராக இருந்தவர் முன்னால் அப்படி ஒரு பொய்! தாங்கள் முகம் மலர்ந்து இந்தப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தீர்கள். கூடவே தட்டச்சு செய்த ஒரு தாளும் கொடுத்தீர்கள். எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பக் கூடாது, ஓரம் மடிக்கக் கூடாது, கவிழ்த்து வைக்கக் கூடாது, நூற்றிருபது டிகிரிக்கு மேல் விரிக்கக் கூடாது, எழுதக் கூடாது, கைக்கெட்டும் தூரத்தில் டீ இருக்கக் கூடாது. ஏழாவது விதி தடித்த எழுத்தில் இருந்தது: கத்தி, பிளேடு, கத்தரிக்கோல் எதுவும் எக்காரணம் கொண்டும் புத்தகத்தின் அருகில் வரக் கூடாது. சம்பந்தி, குஷன் கடையில் கத்தி இல்லாத இடம் எது என்று தாங்கள் யோசித்திருக்கலாம்.

முதல் இரண்டு மாதம் புத்தகம் என் கடையில் வேலை பார்த்தது. ஸ்டூல் மேல் ஃபோம் ஒட்டினால் பசை காயும்வரை பாரம் வைக்க வேண்டும். அளவும் கனமும் அதற்கென்றே செய்த மாதிரி இருந்தது. அந்தச் சமயத்தில் தாங்கள் போன் பண்ணி, "எப்படிப் போயிட்டிருக்கு?" என்று கேட்டீர்கள். "நல்லா அழுத்தமா இருக்குங்க" என்றேன். "ஆமா, அழுத்தமான எழுத்து" என்று தாங்களும் சந்தோஷப்பட்டீர்கள். இதற்காக என்னை மன்னிக்க வேண்டும்.

அப்புறம்தான் தாங்கள் வரப்போகிற செய்தி வந்தது. ஸ்டூலிலிருந்து புத்தகத்தை எடுத்துத் துடைத்தேன். எவ்வளவு வேலை என்று தெரியாமல் எந்த வேலையையும் நான் தொட்டதில்லை. டேப்பை எடுத்து அளந்தேன். அட்டை நீங்கலாக இரண்டு சென்டிமீட்டர் ஒன்பது மில்லிமீட்டர். நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் இருபத்தொன்பது நாளில் முடிந்துவிடும். பென்சிலால் எழுதக் கூடாது என்பதால், நின்ற இடத்தில் துணி வெட்டுகிற சாக்பீஸால் ஒரு கோடு. தட்டினால் போய்விடும், தங்கள் விதிக்கு விரோதமில்லை.

முதல் இரண்டு மில்லிமீட்டர் கஷ்டமாகத்தான் இருந்தது. கடல், காற்று, மறுபடி கடல். மூன்றாவது மில்லிமீட்டரில் காவல்காரர் இருநூற்றுப் பதினான்கு படி ஏறி விளக்கேற்றப் போகிறார் பாருங்கள், அவரோடு நானும் ஏறிவிட்டேன், அப்புறம் இறங்கவில்லை. அறுபத்தோராம் பக்கத்தில் ஒரு தப்பும் கண்டுபிடித்தேன். நார் திணித்த பழைய நாற்காலியில் காவல்காரர் உட்கார்ந்ததும் அது "கிறீச்சென்று முனகியது" என்று எழுதியிருக்கிறது. நார் திணித்த நாற்காலி முனகாது சம்பந்தி. அமுங்கும், அவ்வளவுதான். முனகுவதற்கு ஸ்பிரிங் வேண்டும், தங்கள் வீட்டு சோபாவில் இருக்கிற மாதிரி. இதை இதுவரை எந்தப் படித்தவரும் கண்டுபிடித்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகத்தான் சொல்கிறேன், அதிலென்ன.

பன்னிரண்டாவது நாள், சாக்பீஸ் கோடு இடம் மாறியிருந்தது. நான் நூற்றெழுபதில் விட்டது, கோடு இருநூற்று முப்பதில் இருக்கிறது. பார்த்தால், நான் கடையில் இருக்கும்போது என் வீட்டுக்காரி உள்ளே வாசித்திருக்கிறாள், என் சாக்பீஸாலேயே கோடும் போட்டிருக்கிறாள். அதோடு விட்டாளா? சாப்பிட உட்காரும்போது, "அந்தப் படகுக்காரனை நம்பாதீங்க, அவன் சரியில்ல" என்கிறாள். கை கழுவும்போது, "விளக்கு ஒரு நாள் அணையும், நீங்க பதறாதீங்க" என்கிறாள். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

"எங்கிட்டருந்து புத்தகத்தை வாங்கிட்டா நான் வாயை மூடிக்குவேன்னு நினைக்காதீங்க. நடுவுல விட்டா எனக்குத் தலைவலி வந்துரும்," என்றாள்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல எப்படிம்மா வாசிக்கிறது?"

"ஒரே சோபாவை நீங்க ரெண்டு வீட்டுக்குப் பிரிச்சுக் கொடுத்ததில்ல?"

அவள் பேச்சுவாக்கில் சொன்னாள். எனக்கு அது வேலைக்கான உத்தரவு மாதிரி கேட்டது. சம்பந்தி, தங்கள் தலை சுற்றினால் இந்த இடத்தில் கடிதத்தைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு மேலே படிக்கவும். ஃபோம் வெட்டுகிற நீளக் கத்தியை எடுத்து, இருநூற்றெட்டாம் பக்கத்தில், சரிபாதியில், முதுகோடு சேர்த்து இறக்கினேன். ஒரே இழுப்பு. பிசிறு இல்லை. முதல் பாதி எனக்கு, பின்பாதி அவளுக்கு. அதற்கப்புறம் இரண்டு நாள் இந்த வீட்டில் இருந்த அமைதி கல்யாணமான நாளிலிருந்து இருந்ததில்லை.

அந்தச் சமயம் பல் டாக்டர் ஒருவர் தன் கிளினிக்கில் ஆட்கள் காத்திருக்கும் நாற்காலிகள் ஆறையும் ரெக்சின் மாற்றக் கொடுத்திருந்தார். கடையில்தான் மின்விசிறி நன்றாக ஓடும் என்று என் வீட்டுக்காரி அங்கே வந்து, உரித்துப் போட்டிருந்த நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தாள். உள்ளே குக்கர் விசிலடித்தது. புத்தகத்தை அந்த நாற்காலியின் மேலேயே கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் இரண்டு கையாலும் ஃபோம் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன். உடம்புதான் கடையில் இருந்தது, மனசு விளக்கு அணைந்த இருட்டில் படிக்கட்டில் தடவிக்கொண்டிருந்தது. ஷீட்டைப் போட்டேன், ரெக்சினை இழுத்துப் பிடித்தேன், சுற்றி ஸ்டேப்லர் அடித்தேன், ஓரத்துக்குக் கயிறு வைத்துத் தைத்த பைப்பிங்கும் கொடுத்தேன். சாயங்காலம் ஆறு நாற்காலியும் வேனில் ஏறிப் போய்விட்டன.

இரண்டு நாள் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினோம். "விளக்கில்லாம ஒரு கப்பல் வந்துட்டிருக்கு. அதுல யார் இருக்காங்கன்னு தெரியாம எனக்குச் சாப்பாடு இறங்கல. நீங்கதான் ஒளிச்சு வெச்சிருக்கீங்க," என்று என்மேல் பழி. மூன்றாம் நாள் கிளினிக்கிலிருந்து ரிசப்ஷன் பெண் போன் செய்தாள். "அஞ்சு நாற்காலி பிரமாதமா இருக்கு சார். ஒண்ணு மட்டும் கல்லு மாதிரி இருக்கு. உக்கார்ந்தவங்க எழுந்து நின்னுடறாங்க." எனக்குப் புரிந்துவிட்டது.

நாற்பது வருடமாகத் தொழில் செய்கிறேன். உங்கள் நாற்காலிக்குள் என் நாவல் இருக்கிறது என்று வாயைத் திறந்து எப்படிச் சொல்வது? ஆணி பிடுங்கியைப் பைக்குள் மறைத்துக்கொண்டு, நோயாளி மாதிரி டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். காலியாகக் காலியாக ஐந்து நாற்காலியிலும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தேன். எல்லாம் மெத்தென்று இருந்தன, என் வேலை எனக்கே பிடித்தது. ஆறாவதைக் காணோம். யாரும் உட்காராததால் அதை டாக்டர் அறைக்குள் தள்ளிவிட்டார்களாம். என் டோக்கன் நம்பர் வந்தது, உள்ளே போனேன். மூலையில் என் நாற்காலி. டாக்டர் என்னைச் சாய்த்துப் படுக்க வைத்து, "இங்க வலிக்குதா? தட்டினா கூசுதா? ரொம்ப நாளா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே போனார். என் கண் நாற்காலியில், அதை எப்படித் திறப்பது என்று யோசனை. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டியிருக்கிறேன். ஊசி இறங்கின பிறகுதான் நினைவு வந்தது. "பல்லு வேர் வரைக்கும் போயிருச்சு, நல்ல நேரத்துல வந்தீங்க," என்று தட்டில் போட்டுக் காட்டினார். நல்ல பல் மாதிரிதான் எனக்குத் தெரிந்தது.

வாய் நிறையப் பஞ்சு. பேச முடியவில்லை. நேரே போய் நாற்காலி முன்னால் மண்டியிட்டு ஆணி பிடுங்கியை எடுத்தேன். "மயக்க ஊசி இவருக்கு ஒத்துக்கல போலிருக்கே," என்று டாக்டர் நர்ஸிடம் சொல்வது கேட்டது. நான்கு ஸ்டேப்பிள் பிடுங்கி, கையை உள்ளே விட்டு, பின்பாதியை வெளியே எடுத்தேன். ஒரு பக்கம்கூடக் கசங்கவில்லை.

அதைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் ஆளாளுக்கு என்னவென்று கேட்கிறார்கள். நான் பஞ்சோடு கையை உயர்த்திப் படி ஏறிக் காட்டினேன், விளக்கேற்றிக் காட்டினேன். ரிசப்ஷன் பெண் பொறுக்கமாட்டாமல் புத்தகத்தை வாங்கி, இருநூற்றொன்பதாம் பக்கத்திலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். பல் வலி முனகல் ஒவ்வொன்றாக நின்றது. டாக்டர் கதவைத் திறந்து, "அடுத்தது யாரு?" என்றார். ஒருவரும் எழவில்லை. கன்னம் வீங்கின ஒரு பெரியவர் கையைக் காட்டி, "இருங்க டாக்டர், அவர் இன்னும் மேல போய்ச் சேரல," என்றார். டாக்டரும் கதவில் சாய்ந்து நின்றுவிட்டார். எட்டுப் பக்கம் போயிற்று. ஏழு பேர் புத்தகத்தின் பெயரை எழுதிக்கொண்டார்கள். நான் வாசிக்கிற புத்தகம் எதுவென்று என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டார்கள் சம்பந்தி! ஒரு பல்லுக்கு இது எனக்குக் கட்டுபடியாகும்.

மிச்சத்தை வீட்டில் என் வீட்டுக்காரி சத்தமாகப் படிக்க, நான் கேட்டேன். முந்நூற்று எண்பத்து நான்காம் பக்கத்துக்கு அப்புறம், கடைசி முப்பத்திரண்டு பக்கமும் ஓரத்தில் ஒன்றோடொன்று சேர்ந்தே இருந்தன, வெட்டாத துணி மடிப்பு மாதிரி. நல்ல புத்தகம் என்றால் முடிவை இப்படித்தான் சீல் வைத்துத் தருவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கத்தியால் மடிப்பை ஒவ்வொன்றாகக் கீறிவிட்டேன். ஏழாவது விதி இரண்டாவது தடவையாகப் போயிற்று.

இப்போது நான் எழுதக் கை கூசுகிற விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் போனில் தாங்கள், "கடைசியில அவர் விளக்கை அணைச்சுட்டுக் கடல்ல இறங்கிப் போறார் பாருங்க, அந்த இடத்துல நான் அழுதுட்டேன்," என்று சொன்னீர்கள். அந்த இடத்தைக் காணவில்லை. இரண்டு தடவை தேடினோம். எங்கள் பிரதியில் கடைசிப் பக்கத்தில் அவர் என்ன செய்கிறார் என்றால்,

(இங்கே நான்கு வரிகள் மையால் அழுத்தி அடிக்கப்பட்டுள்ளன)

இதில் கடல் எங்கே வருகிறது? ஆகவே நான் வெட்டினதிலோ, நாற்காலிக்குள் திணித்ததிலோ, பிடுங்கினதிலோ தாங்கள் அழுத பக்கங்கள் தொலைந்துபோயிருக்கின்றன. வாராந்திர விடுமுறை நாளில் அந்த ரிசப்ஷன் பெண்ணைக் கிளினிக்கைத் திறந்துவிடச் சொல்லி, மற்ற ஐந்து நாற்காலிகளையும் பிரித்துப் பார்த்தேன். ஒரு சீப்பும் ஒரு பேனா மூடியும் கிடைத்தன. கடல் கிடைக்கவில்லை. தாங்கள் பொத்திப் பொத்தி வைத்திருந்த புத்தகத்தின் உயிரான இடத்தைத் தொலைத்துவிட்டேன். வாசிக்கிறவன் என்று பெயர் வாங்கப் போய்க் கடைசியில் நான் குஷன் கடைக்காரன்தான் என்று நிரூபித்துவிட்டேன். இதை எழுதும்போது எனக்கு நிஜமாகவே துக்கமாக இருக்கிறது.

என்னால் முடிந்த பரிகாரமாக இரண்டு பாதியையும் மெழுகு நூலால் சேர்த்துத் தைத்து, கடல் பச்சை ரெக்சினில் புது அட்டை போட்டிருக்கிறேன். அட்டைக்குள் மெல்லிய ஃபோம், சுற்றிப் பைப்பிங், நடுவில் ஐந்து பொத்தான். தலைக்கு வைத்தும் படுக்கலாம். ஆனால் இனி நூற்றிருபது டிகிரி விரியாது, எண்பதுதான் வரும்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் அன்பான விசாரிப்புகள். தங்கள் கண்ணாடிக்கும் கண்ணுக்கும் நீண்ட ஆயுள் வேண்டிக்கொண்டு, தண்டனை எதுவானாலும் ஏற்கத் தயாராக,

தங்கள் பணிவான,
குஷன் கடைச் சம்பந்தி

பி.கு.: எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி இந்தக் கடிதத்தை உங்கள் மகளிடம் கொடுத்தேன். பல் கதை வரை விழுந்து விழுந்து சிரித்தவள், கடல் தொலைந்த இடம் வந்ததும் கடிதத்தைக் கீழே வைத்தாள். எழுந்துபோய்ப் புத்தகத்தை எடுத்துவந்து பக்க எண்களை ஒன்று விடாமல் பார்த்தாள். நானூற்றுப் பதினாறும் இருக்கின்றன. ஒன்றுகூடத் தொலையவில்லை.

"மாமா, கடைசி முப்பத்திரண்டு பக்கம் ஒட்டிக்கிட்டு இருந்ததா எழுதியிருக்கீங்களே, நிஜமாவா?" என்றாள். ஆமாம் என்றேன். கீறின ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அது அச்சகத்துல வெட்டாம விட்ட மடிப்பு மாமா. யாராவது கத்தி வெச்சாத்தான் திறக்கும். எங்க அப்பா புத்தகத்துல கத்தி வெக்க மாட்டார்."

அப்படியென்றால் அந்தக் கடல் தொலையவில்லை, இந்தப் புத்தகத்தில் அது இருந்ததே இல்லை.

ஆகவே மேலே கேட்ட மன்னிப்பில், வெட்டினதற்கானது மட்டும் நிற்கட்டும், தொலைத்ததற்கானதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இவ்வளவையும் மறுபடி எழுதப் பொறுமை இல்லை, அதோடு கடிதம் நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கே தோன்றுவதால் அப்படியே அனுப்புகிறேன். அந்த நான்கு வரிகளை மட்டும் மையால் அடித்துவிட்டேன். அதில்தான் முடிவு இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டாம், பின்பக்கமும் அடித்திருக்கிறேன். உங்கள் மகளும் நானும் இதை யாரிடமும் சொல்ல மாட்டோம். என் வீட்டுக்காரிக்கு விஷயம் தெரியாது, ஆனால் முடிவு தெரியும், அதனால் இங்கே வந்தால் சாப்பிடும்போது அவள் பக்கத்தில் மட்டும் உட்காராதீர்கள். கடையில் ஜன்னல் ஓரமாகத் தங்களுக்கென்று ஒரு நாற்காலி புதிதாகத் தைத்துப் போட்டிருக்கிறேன், நார் திணித்தது, முனகாது. முந்நூற்று எண்பத்து நான்காம் பக்கத்தில் சாக்பீஸ் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

எல்லாமே வாசிப்பேன் என்று அன்றைக்கு நான் சொன்ன பொய்யை ஒரு புத்தக அளவுக்காவது உண்மையாக்க எனக்கு இருபத்தொன்பது நாளும் ஒரு பல்லும் ஆயின. தங்களுக்கு இரண்டே நாள் போதும். டேப் வைத்து அளந்துவிட்டேன் சம்பந்தி, தாங்கள் எனக்கு இரண்டு மில்லிமீட்டர்தான் பின்னால் இருக்கிறீர்கள்.